நெருப்புக்கு முன்னால் நடந்தது: 'ஃபாரன்ஹீட் 451' நாவலை யாழ்ப்பாணத்திலிருந்து வாசித்தல்

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றிப் பேசும் இடங்களில் ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' என்ற அமெரிக்க நாவலின் பெயரும் நினைவுகூரப்படுவதுண்டு. அப்பெயரைக் கேட்டு நூலைத் தேடி வாசிக்கும் இளையவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் ஏற்படுகின்றன. நாவல் 1981ஆம் ஆண்டின் நெருப்பிலிருந்து பிறந்தது என்று எண்ணுவது முதலாவது. உண்மையில் அது 1953இல், நமது நூலகக் கட்டடம் திறக்கப்படுவதற்கும் ஆறு ஆண்டுகள் முன்பே வெளிவந்துவிட்டது. நூல்களை எரிக்கும் கொடுங்கோலரசு ஒன்றை எதிர்பார்த்து வாசிக்கத் தொடங்கியவருக்கு, அங்கே பெயர் சொல்லத்தக்க சர்வாதிகாரி எவரும் இல்லாமல் சுவரளவு தொலைக்காட்சியும் காதுக்குள் செருகிய வானொலியுமே நிறைந்திருப்பது ஏனென்று விளங்காமற் போவது இரண்டாவது. இந்த இரண்டாவது குழப்பத்தில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்கி அதை விளக்குவது பயனுடையது.

சொற்களும் பின்னணியும்

'டிஸ்டோபியா' என்பது கெட்டுப்போன எதிர்காலத்தைக் காட்டும் கற்பனை வகை. இன்றைய சமூகத்தில் சிறு கட்டியாகத் தெரியும் ஒரு நோயை முற்றவிட்டு, முற்றிய நிலையில் மனிதர் எப்படி உண்பர், உறங்குவர், பேசுவர் என்று அது காட்டும். நாளை நடக்கப்போவதைக் கணித்துச் சொல்வது அதன் வேலையன்று.

'தணிக்கை' என்ற சொல்லைக் கேட்டவுடன் அரசின் கத்தரிக்கோலே நினைவுக்கு வருகிறது. இந்த நாவலை வாசிப்பதற்கு அச்சொல்லை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. அதிகாரத்தில் உள்ளவர் ஒரு நூலைத் தடை செய்வது, பறிப்பது, எரிப்பது.
2. எழுதுவோரும் பதிப்பிப்போரும் கற்பிப்போரும், எவர் மனமாவது புண்படும் என்றோ விற்பனை குறையும் என்றோ அஞ்சித் தாமே வெட்டிவிடுவது.
3. வாசிப்பவர் வாசிப்பிலிருந்து தாமே விலகிப்போவதால் நூல் இருந்தும் இல்லாததாகிவிடுவது.

மூன்றாவதைத் தணிக்கை என்று எவரும் அழைப்பதில்லை. பிராட்பரியோ மூன்றாவதிலும் இரண்டாவதிலும் தொடங்கி முதலாவதில் கொண்டுபோய் முடிக்கிறார். நாவலின் சிந்தனைப் போக்கு முழுவதும் இந்தத் தலைகீழ் வரிசைதான்.

பிராட்பரி (1920–2012) பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். பொது நூலகங்களிலேயே படித்து வளர்ந்தவர். இந்தக் கதையின் முதல் வடிவத்தைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாக நூலகத்தில், நிலக்கீழ் அறையில் வாடகைக்கு வைக்கப்பட்டிருந்த தட்டச்சுப் பொறியில் எழுதினார். அரை மணித்தியாலத்துக்குப் பத்துச் சதம் வீதம் ஒன்பது நாட்களில் 9 டொலர் 80 சதம் செலவானதாக அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். நூல்களின் அழிவைப் பற்றிய கதை நூல்களின் காலடியிலிருந்தே எழுதப்பட்டது. அந்த வடிவம் 1951இல் ஒரு சஞ்சிகையில் வந்தது. விரித்தெழுதப்பட்ட நாவல் 1953இல் வந்தது. 1933 மே 10ஆம் திகதி நாசி மாணவர்கள் பேர்லினில் நூல்களைக் குவித்து எரித்த நினைவு அன்று ஆறியிருக்கவில்லை. அமெரிக்காவிலோ, கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகித்தவர்களை வேட்டையாடிய செனட்டர் மக்கார்த்தியின் காலம் நடந்துகொண்டிருந்தது. வீடுகளின் வரவேற்பறைகளுக்குள் தொலைக்காட்சி நுழைந்துகொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான்.

தலைப்பில் உள்ள எண், நூல்தாள் தீப்பற்றும் வெப்பநிலை என்று நாவலின் முகப்பே சொல்கிறது. செல்சியசில் அது ஏறத்தாழ 233 பாகை. தாளின் வகையைப் பொறுத்து அது மாறும் என்பதால், அந்த எண்ணை விஞ்ஞான அளவாகக் கொள்ளாமல் நாவலில் நூல்களை எரிக்கும் படையினரின் தலைக்கவசத்தில் பொறித்த சின்னமாகக் கொள்வதே சரி.

கதை, சுருக்கமாக

வீடுகள் யாவும் தீப்பிடிக்காதவையாகிவிட்ட ஒரு காலத்தில் தீயணைப்புப் படையினருக்கு அணைக்கத் தீயில்லை. நூல் வைத்திருப்போரின் வீடுகளுக்குச் சென்று எரிப்பதே அவர்கள் தொழில். கை மொன்டாக் அவர்களுள் ஒருவன். கிளாரிஸ் என்ற அயல்வீட்டுப் பெண் அவனிடம், முற்காலத்தில் தீயணைப்புப் படையினர் தீயை அணைத்தார்களாமே என்று கேட்கிறாள். அவன் சிரிக்கிறான். நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று இன்னொன்றும் கேட்டுவிட்டுப் போகிறாள். அந்தக் கேள்வி அவனுக்குள் வேலை செய்கிறது. அவன் நூல்களைத் திருடி ஒளிக்கிறான், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஃபேபரைத் தேடுகிறான், மனைவி மில்ட்ரெட்டினாலேயே காட்டிக்கொடுக்கப்படுகிறான், தன் வீட்டைத் தானே எரிக்க நேர்கிறது, தலைவன் பீட்டியைக் கொன்றுவிட்டு ஆற்றின் வழியே தப்பி, நூல்களை மனனம் செய்து காக்கும் நாடோடிகளை அடைகிறான். நகரம் போரில் அழிகிறது.

பீட்டி சொல்லும் வரலாறு

நாவலின் மையம் துரத்தல் காட்சியில் இல்லை. மொன்டாக் காய்ச்சலென்று படுத்திருக்கும்போது தலைவன் பீட்டி அவன் கட்டிலருகே அமர்ந்து சுங்கானைப் பற்றவைத்தபடி பேசும் நீண்ட பேச்சிலேயே இருக்கிறது. நூல் எரிப்பு எப்படித் தொடங்கியது என்று அவன் விளக்குகிறான். அவன் கூற்றின்படி அது அரசிடமிருந்து கீழே இறங்கி வந்ததன்று. தொடக்கத்தில் ஆணையும் இருக்கவில்லை, பிரகடனமும் இருக்கவில்லை. ஒளிப்படம், சினிமா, வானொலி, தொலைக்காட்சி என்று வேகம் கூடக்கூட எல்லாவற்றையும் எல்லோருக்கும் பொருந்துமாறு குறுக்க வேண்டியதாயிற்று. பெருங்காவியங்கள் பதினைந்து நிமிட வானொலி நிகழ்ச்சிகளாயின; பிறகு இரண்டு நிமிட வாசிப்புப் பத்திகளாயின; கடைசியில் அகராதியில் பத்து, பன்னிரண்டு வரிக் குறிப்புகளாயின. ஹம்லெட் நாடகத்தை அறிந்தவர் என்போர் பலர் அறிந்ததெல்லாம் ஒரு பக்கச் சுருக்கத்தையே. மறுபுறம், ஒவ்வொரு குழுவும் தன்னை நோகடிக்கும் வரியை நீக்கக் கேட்டது. வெளியிடுவோரும் நீக்கிக்கொண்டே போனார்கள். எவரையும் நோகடிக்காத எழுத்து எவருக்கும் வேண்டாத எழுத்தாகி, விற்பனை நின்றது. எரிக்கும் படை இவற்றுக்கெல்லாம் பிறகே வந்தது.

அந்தப் பேச்சில் அதிகம் மேற்கோள் காட்டப்படாத ஒரு பகுதியே மிகவும் கவனிக்கத்தக்கது என்று கருதுகிறேன். மக்களுக்குத் தீப்பற்றாத தகவல்களை வயிறுமுட்டக் கொடு என்கிறான் பீட்டி. பாட்டு வரிகளையோ மாநிலத் தலைநகரங்களின் பெயர்களையோ நினைவில் வைத்தவருக்குப் பரிசளிக்கும் போட்டிகளை வை. தாம் சிந்திப்பதாக அவர்கள் உணர்வார்கள், அசையாமலே அசைவதுபோன்ற உணர்வு அவர்களுக்கு வரும் என்பது அவன் வாதம். தகவலுக்கும் அறிவுக்கும் உள்ள இடைவெளியை இவ்வளவு துல்லியமாகச் சொல்பவன் நாவலின் எதிரி என்பதை மறக்கக்கூடாது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நாவலில் வரும் மனிதருள் நன்கு வாசித்தவன் பீட்டியே. வாதிடும்போது இலக்கிய வரிகளை அம்புகளாக எய்கிறான். நூல்களை வெறுப்பவனை மூடனாகக் காட்டியிருந்தால் வாசகர் எளிதாக வென்றுவிடுவார். கற்றவனையே எதிரியாக நிறுத்தியதால், நூல் கற்றால் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்ற ஆறுதலை நாவல் தன் வாசகருக்குத் தரமறுக்கிறது. அதே வேளை, பீட்டி சொல்லும் வரலாற்றை அப்படியே ஆசிரியரின் கருத்தாக எடுப்பதும் தவறு. அவன் படையின் விதிநூல், தீயணைப்புப் படை 1790இல் பிரித்தானியச் செல்வாக்குள்ள நூல்களை எரிக்கவே நிறுவப்பட்டது என்றும் முதல் தீயணைப்பாளர் பெஞ்சமின் பிராங்ளின் என்றும் எழுதிவைத்திருக்கிறது. பிராங்ளின் உண்மையில் பிலடெல்பியாவில் தீயணைக்கும் தொண்டர் சங்கத்தை அமைத்தவர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு நூல் எதுவும் மிஞ்சாத நாட்டில், விதிநூலின் ஒரு வரி முழு வரலாறாகிவிடுகிறது.

எரிப்பவனின் கண்வழியே

எரிப்பது இன்பமாக இருந்தது என்ற பொருளில் நாவலின் முதல் வாக்கியம் அமைகிறது. கதை முழுவதும் மொன்டாக்கின் நோக்குநிலையிலேயே, படர்க்கையில், அவன் உடலுக்குள் இருந்து சொல்லப்படுகிறது. மண்ணெண்ணெய் மணம் தோலிலிருந்து முற்றாகப் போகாது என்றும், தனக்கு அது வாசனைத் திரவியம்தான் என்றும் கிளாரிசிடம் அவன் சொல்கிறான். யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தல் விளக்கடியில் படித்த தலைமுறைக்கு அந்த மணம் வேறொரு வாழ்க்கையை நினைவூட்டும்: அங்கே எரிக்க ஊற்றியது, இங்கே வாசிக்கத் துளித்துளியாய்ச் சேமித்தது.

எரிப்பவன் தன் மனச்சாட்சியை எப்படி உறங்கவைக்கிறான் என்பதை முதியவளின் வீட்டுக் காட்சி காட்டுகிறது. வழக்கமாகப் பொலிசார் முன்னரே வந்து வீட்டுக்காரரின் வாயை ஒட்டி அழைத்துச் சென்றுவிடுவார்கள். படை வரும்போது வீடு வெறுமையாக இருக்கும். பொருட்களைத்தானே எரிக்கிறோம், பொருட்களுக்கு நோகாது என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றோ முதியவள் வீட்டிலேயே நிற்கிறாள். நூல்களின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றியாயிற்று. பீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குகிறான். அவள் உள்ளங்கையை விரிக்கிறாள். அதில் அடுப்படித் தீக்குச்சி ஒன்று. படையினர் பின்வாங்கி வாசலுக்கு ஓடுகிறார்கள். அவள் குச்சியைக் கைபிடிக் கம்பியில் உரசுகிறாள். இந்தக் காட்சியில் பிராட்பரி எந்த அறவுரையும் சொல்வதில்லை. தீயைத் தொழிலாகக் கொண்டவர் அனைவரும் ஒரு குச்சிக்குப் பயந்து பின்னோக்கி நடப்பதைக் காட்டுகிறார், அவ்வளவே.

அரிதட்டும் மணலும்

நாவலின் மூன்று பாகங்களில் நடுப்பாகத்தின் தலைப்பே இது. மா அரிக்கும் அரிதட்டை எல்லோரும் அறிவோம். சிறுவயதில் கடற்கரை மணல்மேட்டில் அமர்ந்திருந்த மொன்டாக்கிடம் ஒரு மைத்துனன், இந்த அரிதட்டை மணலால் நிரப்பினால் காசு தருவேன் என்கிறான். மணற்காட்டில் கொதிக்கும் வெயிலில் நின்றவருக்கு அந்த மணல் எப்படி ஓடும் என்று தெரியும். வேகமாக அள்ளிப்போடப் போட வேகமாகவே ஒழுகுகிறது, சிறுவன் அழுகிறான்.

அந்த நினைவு வருவது சுரங்க இரயிலில். மடியில் விவிலியம். பீட்டியிடம் ஒப்படைக்க வேண்டிய நூல் ஆகையால் முடிந்தமட்டும் மனத்தில் ஏற்றிவிட முயல்கிறான். வயல்வெளி லில்லிப் பூக்களைப் பற்றிய வரியைத் தொடங்குகிறான். ஒலிபெருக்கியிலிருந்து டென்ஹாம் பற்பசை விளம்பரம் பாய்கிறது. மறுபடி தொடங்குகிறான், மறுபடி பற்பசை. நாவலின் அச்சுப் பக்கத்தில் விவிலியச் சொல்லும் விளம்பரச் சொல்லும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வருகின்றன. வாக்கியங்கள் பாதியில் அறுகின்றன. வாசிக்கும் நமக்கே முதல் வரி மறந்துபோகிறது. சுற்றியிருக்கும் பயணிகள் கால்களால் தாளம் போடுகிறார்கள். நூல் கையில் இருக்கிறது, தடுப்பவர் எவரும் அருகில் இல்லை, இருந்தும் வாசிக்க முடியவில்லை. தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது வகைத் தணிக்கையை விளக்கிச் சொல்லாமல், வாக்கிய அமைப்பினாலேயே வாசகரின் மண்டைக்குள் நடத்திக்காட்டுகிறார் ஆசிரியர். நாவலின் உத்திகளுள் இதையே தலையாயது என்பேன்.

பின்னணி ஒலியாகவே வைக்கப்பட்ட இன்னொன்று போர். வானத்தில் குண்டுவீச்சு விமானங்கள் அவ்வப்போது கடக்கின்றன. பாத்திரங்கள் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மில்ட்ரெட்டின் தோழியர், இரண்டு நாளில் முடியும் போர் என்று பேசிக்கொண்டு தொலைக்காட்சிக்குத் திரும்புகிறார்கள். பொம்பர் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய ஊரில் இருந்து வாசிப்பவர் இந்த வரிகளைத் தாண்டிப் போகமாட்டார். முடிவில் நகரம் நொடியில் அழிவது அவருக்கு எதிர்பாராத திருப்பமாகவும் இராது.

தீ என்ற படிமம் கதை நெடுகப் பொருள் மாறி வருகிறது. ஆற்றைக் கடந்தபின் மொன்டாக் காணும் தீயைச் சுற்றி மனிதர் கைகாய்ச்சுகிறார்கள்; தீ எடுப்பது மட்டுமன்றிக் கொடுப்பதும் உண்டு என்று அவன் முதன்முறை அறிகிறான்.

ஃபேபர் சொல்லும் மூன்று தேவைகள்

பேராசிரியர் ஃபேபர் நூலைப் புனிதப் பொருளாக்குவதில்லை. உனக்குத் தேவைப்படுவது நூலன்று, நூலில் ஒருகாலத்தில் இருந்த பொருள் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் தேவைகள் மூன்று.

1. தரமுள்ள, வாழ்க்கையின் நுண்துளைகள் தெரிகின்ற எழுத்து.
2. அதை அசைபோடுவதற்கான ஓய்வு. வேலையில்லாத நேரத்தையும் சிந்திக்கும் ஓய்வையும் அவர் வேறுபடுத்துகிறார்.
3. முதலிரண்டின் சேர்க்கையால் கற்றதன்படி செயற்படும் உரிமை.

மூன்றாவதைப் பலர் மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். வாசிக்க விட்டுவிட்டு, வாசித்ததன்படி பேசவோ கூடவோ விடாமல் இருப்பதும் இந்த அளவுகோலின்படி தணிக்கையே.

யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துவதும் பொருந்தாததும்

நமது நூலகம் 1930களில் க. மு. செல்லப்பா தொடங்கிய சிறு முயற்சியிலிருந்து, பொதுமக்களின் பணத்தாலும் உழைப்பாலும் வளர்ந்தது. இந்திய நூலகவியலறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையும் வணபிதா லோங் அடிகளாரின் முயற்சியும் சேர, 1959இல் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயல்களில் பொலிசாரும் அவர்களுடன் சேர்ந்த கும்பல்களும் அதை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் அவ்வன்செயல்களிலேயே எரிக்கப்பட்டது.

நாவலில் நூலகம் முதலில் மக்கள் மனத்தில் இறந்து, பிறகு எரிகிறது. தீயணைப்புப் படை பெரும்பாலும் தேவையே இல்லை, மக்கள் தாமாகவே வாசிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று ஃபேபர் சொல்கிறார். யாழ்ப்பாணத்தில் வரிசை நேர்மாறு. இங்கே மக்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசித்ததனாலேயே அது இலக்காயிற்று. ஆகவே பீட்டியின் விளக்கத்தை 1981க்குப் பொருத்துவது, எரித்தவரின் பொறுப்பை எரிக்கப்பட்டவரின் தோளுக்கு மாற்றுவதாகும். ஒப்பீடு செய்வோர் இந்த இடத்தில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.

பொருந்துவது முதியவளின் காட்சி. பன்மொழி அறிஞரான தாவீது அடிகள், அன்றிரவு சம்பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார். பொருட்களைத்தானே எரிக்கிறோம் என்ற சமாதானம் அவர் சாவின் முன் நிற்காது.

சொல்முறையிலும் ஓர் எதிர்நிலை உண்டு. எம். ஏ. நுஃமான் தமது 'புத்தரின் படுகொலை' கவிதையில், புத்தரே சுட்டுக் கொல்லப்பட்டு நூலகப் படிக்கட்டில் கிடப்பதாகவும், நூல்களோடு அவர் உடலும் எரிக்கப்படுவதாகவும் ஒரு கனவைச் சொல்கிறார். பிராட்பரி எரிப்பவனின் கைக்குள் இருந்து எழுதினார். நுஃமானோ, எரித்தவர் எதைப் போற்றுவதாகச் சொல்கிறாரோ அதையே நெருப்பில் காட்டினார். வழி வேறாயினும், எரிப்பவன் தன்னைத்தான் எரிக்கிறான் என்பதை இரண்டும் காட்டுகின்றன.

பீட்டியின் பேச்சு நமக்குப் பொருந்தத் தொடங்குவது பின்னரே, கட்டடம் மீண்டும் வெள்ளையாய் எழுந்து 2004இல் கதவு திறந்த பிறகு. பாடநூலில் உள்ள நாவலைத் திறக்காமலே ரியூசன் குறிப்பில் உள்ள பாத்திரப் பண்புகளை மனனம் செய்து பரீட்சை எழுதும் மாணவர் குறைவல்லர். ஹம்லெட்டின் ஒரு பக்கச் சுருக்கம் என்று பீட்டி சொன்னது இதைத்தான். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை; ஃபேபர் கேட்கும் அந்த இரண்டாவது தேவையை, அசைபோடும் ஓய்வை, நமது பரீட்சை முறை அவர்களுக்குத் தருவதில்லை.

வெட்டப்பட்ட நாவல், மனனமாகாத ஏடு

நாவலுக்கே நேர்ந்ததையும் சொல்லவேண்டும். 1967இல் அதன் வெளியீட்டாளர் பாடசாலைகளுக்கென ஒரு பதிப்பைக் கொண்டுவந்தபோது 75 இடங்கள் ஆசிரியருக்குத் தெரியாமலே மாற்றப்பட்டன. வசைச்சொற்கள் நீங்கின, குடிகாரன் ஒருவன் நோயாளியானான், தொப்புளைத் துப்புரவாக்குவது காதைத் துப்புரவாக்குவதாயிற்று. 1973 முதல் 1979 வரை கடைகளில் கிடைத்தது இந்த வெட்டிய வடிவம் மட்டுமே. வாசித்த மாணவர்கள் கடிதம் எழுதியதால்தான் பிராட்பரிக்கு விடயம் தெரிந்து, மூல வடிவம் மீட்கப்பட்டது. எவரும் எதையும் எரிக்கவில்லை. இரண்டாவது வகைத் தணிக்கை எவ்வளவு சத்தமின்றி நடக்கும் என்பதற்கு இதைவிடக் கிட்டிய சான்று கிடையாது.

இறுதியில் நாவல் தரும் ஆறுதல் மனனம். நூல்களை மனனம் செய்து காக்கும் நாடோடிகளின் தலைவன் கிரேஞ்சர். அவன் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு நூல். மொன்டாக்கிடம் விவிலியத்தின் பிரசங்கி ஆகமத்தின் ஒரு பகுதி. கோவில்களில் கந்தபுராண படனம் கேட்டு வளர்ந்த ஊருக்கு இது அந்நியமான எண்ணமன்று. ஆனால் அவர்கள் மனனம் செய்தவை உலகம் பெயரறிந்த நூல்கள். எது இழக்கப்பட்டது என்று வாசகருக்குத் தெரியும். ஓலைச்சுவடியின் கதை வேறு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏட்டை எடுக்கையில் ஓரம் உதிர்வதையும் புரட்டுகையில் துண்டுதுண்டாய்ப் பறப்பதையும் எழுதிவைத்தார். ஒரே படியாக இருந்து படியெடுக்கப்படாத ஏடு எரிந்தால், அதில் என்ன இருந்தது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. பிராட்பரியின் கற்பனை இந்த இழப்பைத் தொடவில்லை.

2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம், பெருநூல்களோடு நின்றுவிடாமல் கோவில் மலர்களையும் பாடசாலைச் சஞ்சிகைகளையும், அந்தியேட்டியன்று வந்தவர் கையில் கொடுக்கும் நினைவு மலர்களையும் பக்கம் பக்கமாக வருடி வைக்கிறது. இறந்தவரின் படம், வம்ச வரலாறு, ஊர்ப் பெயர்கள், கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர். கிரேஞ்சரின் குழுவில் எவரும் மனனம் செய்திருக்கமாட்டாத தாள்கள் அவை.